வீட்டிலேயே எலெக்ட்ரிக் கார் சார்ஜிங்: வால் பாக்ஸ் கட்டாயமா? 15 ஆம்பியர் பாயின்ட் போதுமா? குறைந்த செலவில் அமைப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கார் புக் பண்ணியாச்சு. அடுத்த கேள்வி ஷோரூமிலேயே வரும். "சார், வால் பாக்ஸ் சார்ஜர் போட்டுக்கங்க, நாலு மணி நேரத்துல ஃபுல் ஆகிடும்." வீட்டுக்கு வந்து பார்க்கும் எலெக்ட்ரீஷியன், "மெயின்ல இருந்து புது லைன் இழுக்கணும், எர்த் புதுசா போடணும், த்ரீ பேஸ் வாங்கணும்" என்று பட்டியல் போடுவார். பக்கத்து வீட்டுக்காரரோ, "எதுக்கு இவ்ளோ செலவு? வாஷிங் மெஷின் பாயின்ட்ல சொருகி விடுங்க, வேலை முடிஞ்சுது" என்பார்.

மூன்று பேரில் யார் சொல்வதைக் கேட்பது? பெரும்பாலான வீடுகளுக்கு ஷோரூம்காரர் சொல்வது தேவைக்கு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது ஆபத்து. எலெக்ட்ரீஷியன் போட்ட பட்டியலில்தான் உண்மையில் பணம் போக வேண்டிய இடம் இருக்கிறது. அதிலும் எல்லாமே எல்லாருக்கும் தேவைப்படாது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது? பார்க்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுறீங்க?

தாம்பரத்தில் வீடு, கிண்டியில் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். போக வர சுமார் 35 கிலோமீட்டர். சின்ன, நடுத்தர எலெக்ட்ரிக் கார்கள் நகர ஓட்டத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் தினமும் செலவாவது 5 யூனிட்டை ஒட்டித்தான். சார்ஜ் ஆகும்போது வெப்பமாக வீணாவது 10 முதல் 15 சதவீதம். அதையும் சேர்த்தால் 6 யூனிட்.

வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிறோமே, மூன்று பெரிய துளை உள்ள அந்த 15 ஆம்பியர் பாயின்ட் (கடையில் 16 ஆம்பியர் என்றும் சொல்வார்கள்), அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு சுமார் 3 யூனிட் எடுக்கலாம். ஆக தாம்பரம் டு கிண்டி கணக்குக்கு 2 மணி நேரம் சார்ஜ் போட்டால் போதும். ராத்திரி 10 மணிக்குப் போட்டு காலை 7 மணிக்கு எடுத்தால் 9 மணி நேரம். அதில் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் ஏறிவிடும்.

முழுக்கக் காலியான பேட்டரியை எடுத்துக்கொண்டாலும் நிலைமை மோசமில்லை. 24 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள டாடா டியாகோ காரை 15 ஆம்பியர் பாயின்ட்டில் 10 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் ஏற்ற 8.7 மணி நேரம் என்றுதான் நிறுவனமே சொல்லியிருக்கிறது. தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய, 45 கிலோவாட் ஹவர் பேட்டரி கொண்ட கார்களில் காலியிலிருந்து நிரப்ப 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் தினமும் யார் பேட்டரியை அடியோடு காலி பண்ணுகிறார்கள்? போனை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஏற்றுகிறோம். தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர், டாக்ஸி ஓட்டுபவர், வீட்டில் இரண்டு எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர், ராத்திரி தாமதமாக வந்து அதிகாலையில் கிளம்புபவர். இவர்களுக்கு 7.2 அல்லது 7.4 கிலோவாட் வால் பாக்ஸ் உண்மையிலேயே பயன்படும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

வால் பாக்ஸ் வாங்கினாலும் கார் ஏத்துக்குமா?

இது பலருக்கும் தெரியாத விஷயம். சுவரில் மாட்டும் அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே கிடையாது. பாதுகாப்பு வசதிகளோடு கூடிய ஒரு பெரிய சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளே இருக்கிறது. 'ஆன்போர்டு சார்ஜர்' என்பது அதைத்தான்.

காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால், சுவரில் 7.4 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் 3.3க்கு மேல் ஒரு சொட்டு ஏறாது. 2023ல் எம்.ஜி. காமெட் அறிமுகமானபோது அதில் இருந்தது 3.3 கிலோவாட் சார்ஜர்தான். 2022ல் டியாகோ எலெக்ட்ரிக் வந்தபோது, ஒரே மாடலில் 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் என இரண்டு வகை இருந்தன. இரண்டுக்கும் விலை வித்தியாசம் 50,000 ரூபாய்.

எனவே புக் பண்ணும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காரில் உள்ள ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்? காரோடு சாதாரண பிளக் வைத்த போர்ட்டபிள் சார்ஜர் கேபிள் வருமா? வால் பாக்ஸ் வேண்டாம் என்றால் விலையில் எவ்வளவு குறைப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சில இடங்களில் சிரிப்புதான் பதிலாக வரும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

வாஷிங் மெஷின் பாயின்ட்டில் போட்டால் என்ன?

இங்கேதான் நிதானம் வேண்டும். 15 ஆம்பியர் போதும் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் போதும் என்று அர்த்தமில்லை.

வீட்டில் உள்ள மற்ற சாதனங்களைப் பாருங்கள். கீசர் 2 கிலோவாட் இழுக்கும், ஆனால் 15 நிமிடத்தில் ஆஃப் ஆகிவிடும். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானாகவே நின்று நின்று ஓடும். ஏசியில் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும். கார் அப்படி இல்லை. 14, 15 ஆம்பியர் கரண்டை 8 மணி நேரம், இடைவெளியே இல்லாமல், முழு வீச்சில் இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில்.

வழக்கமான வீட்டு ஒயரிங் இந்த மாதிரி வேலைக்காகப் போடப்பட்டதே இல்லை. பல வீடுகளில் வாஷிங் மெஷின் பாயின்ட்டுக்குத் தனி லைன் கூட இருக்காது. கிச்சன் பாயின்ட்டிலிருந்து லூப் எடுத்து வந்திருப்பார்கள். நடுவில் ஜங்ஷன் பாக்ஸில் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். சாக்கெட்டின் உள்ளே திருகு லேசாகத் தளர்ந்திருக்கும். கீசருக்கு இதெல்லாம் 10 வருடம் தாங்கும். காருக்கு? தளர்ந்த இடத்தில்தான் சூடு சேரும். சூடு ஏறினால் அந்த இணைப்பு இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். முதலில் பிளக்கின் ஓரம் பழுப்பாகும், அப்புறம் பிளாஸ்டிக் உருகும் வாடை வரும்.

இதில் இன்னொரு விஷயம். இப்படிச் சூடாகும்போது எம்.சி.பி. ட்ரிப் ஆகாது. எம்.சி.பி.க்குத் தெரிவது கரண்டின் அளவு மட்டும்தான். 15 ஆம்பியர் ஓடுகிறது, அதன் கணக்கில் எல்லாம் சரி. சாக்கெட் உருகுவது அதற்குத் தெரியாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாடியிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிட்டு, எக்ஸ்டென்ஷனில் காரை சொருகுவதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். மழை பெய்கிற ஒரு ராத்திரி போதும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் மின் வாகன சார்ஜிங்குக்கென்று தனிப் பகுதியே உள்ளது. காருக்கும் சார்ஜிங் கருவிக்கும் இடையே கூடுதல் நீட்டிப்பு ஒயர் போடக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு சார்ஜிங் பாயின்ட்டுக்கும் தனி சர்க்யூட் வேண்டும், சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர், அதாவது 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இவை சார்ஜிங் நிலையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும் வீட்டுக்கும் நல்ல அளவுகோல்.

80 சென்டிமீட்டர் என்பதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்குப் போதாமல் போகலாம். 2015லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்பது வீட்டுச் சுவரைக் கேட்டால் தெரியும். அந்தக் கறைக்கு மேலே மாட்டுங்கள்.

அப்போ சரியான பாயின்ட் எப்படி இருக்கணும்?

மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள மெயின் போர்டிலிருந்து பார்க்கிங் வரை, நடுவில் எங்கேயும் வெட்டு இல்லாத, ஜாயின்ட் இல்லாத ஒரே ஒயர். காருக்கு மட்டும். அதில் லைட்டோ, மோட்டாரோ வேறு எதுவும் சேரக் கூடாது.

15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர். சாதாரணமாக ஏசி பாயின்ட்டுக்கு 2.5 போட்டுவிட்டுப் போவார்கள், "இதே தாங்கும் சார்" என்பார்கள். காருக்கு 4 கேளுங்கள். மீட்டரிலிருந்து பார்க்கிங் தூரமாக இருந்தால் 6 போடுவது நல்லது. 7.4 கிலோவாட் வால் பாக்ஸ் என்றால் அது 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கு ஆரம்பமே 6, தூரம் அதிகமானால் 10. ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியக் கம்பி மேல் காப்பர் பூசி காப்பர் விலைக்கு விற்பதும் சந்தையில் உண்டு. நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்.

இந்த லைனுக்கு ஆரம்பத்தில் இரண்டு பாதுகாப்பு தேவை. கரண்ட் அளவு மீறினால் துண்டிக்க எம்.சி.பி. (எத்தனை ஆம்பியர் என்பதை காரின் கையேடு சொல்லும்.) கசிவு ஏற்பட்டால் துண்டிக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த இரண்டாவதுதான் மனிதரைக் காப்பாற்றுவது. ஈரக் கையோடு காரைத் தொடும் குழந்தைக்கு எம்.சி.பி. உதவாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த ஆர்.சி.பி.ஓ. என்பதும் கிடைக்கிறது. கடையில் கேட்கும்போது 'டைப் ஏ' என்று சொல்லிக் கேளுங்கள். மலிவாகக் கிடைப்பது 'டைப் ஏசி'. கார் சார்ஜிங்கில் வரும் சில வகைக் கசிவுகளை அதனால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது.

சாக்கெட்டில் காசு பார்க்காதீர்கள். மொத்தச் செலவில் சிறியது அதுதான், முதலில் உருகுவதும் அதுதான். நல்ல கம்பெனியின் கனமான சாக்கெட், மழை படும் இடமென்றால் மூடி வைத்த பெட்டிக்குள்.

நாளைக்கு 7.4 கிலோவாட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், இப்போதே விலை அதிகமான ஒயரை வாங்க வேண்டாம். பைப்பை மட்டும் பெரிதாகப் போட்டு வையுங்கள். சுவரை உடைக்காமல் பின்னால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பைப்புக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம்.

சார்ஜரில் சிவப்பு லைட் எரியுதா? எர்த்தைப் பாருங்க

புது கார், புது கேபிள், பிளக்கைச் சொருகினால் சிவப்பு லைட், சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் முதல் கேள்வியே "எர்த் இருக்கா சார்?" என்பதுதான். எர்த் சரியில்லை என்றால் கார் மின்சாரத்தை வாங்காமல் மறுத்துவிடும்படியே இந்த சார்ஜர்கள் தயாரிக்கப்படுகின்றன. அது கோளாறு இல்லை, உங்களைக் காப்பாற்றும் வேலை.

பழைய வீடுகளில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருக்கும். 20 வருடத்துக்கு முன் தண்ணீர் ஊற்றியதோடு சரி. கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஃபேனும் லைட்டும் எர்த் இல்லாமலும் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்தவுடன் மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பிரச்சனை இல்லை. இரட்டை இலக்கத்தில் காட்டினால் எர்த் வேலை பார்க்க வேண்டும். பழைய குழியைச் சரிசெய்தாலே போதுமா, புதிதாகக் குழி எடுக்க வேண்டுமா என்பது மண்ணைப் பொறுத்தது. பாறை நிலத்தில் செலவு கூடும், களிமண்ணில் குறையும். "எர்த் எல்லாம் வேணாம் சார், நியூட்ரல்ல இருந்து ஒரு கம்பி எடுத்து எர்த் பின்ல குடுத்துட்டா லைட் பச்சையாகிடும்" என்று யாராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட் பாயும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் சேரவே கூடாது.

சிங்கிள் பேஸ் வீட்டில் முடியுமா?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பின் மொத்த லோடு 4 கிலோவாட் வரை இருந்தால் சிங்கிள் பேஸ், அதைத் தாண்டினால் த்ரீ பேஸ் என்பது விதி. கார் மட்டுமே 3.3 கிலோவாட். ஒரு ஏசி, ஒரு கீசர் இருக்கும் வீட்டில் கணக்கு உடனே 4ஐத் தாண்டிவிடும். 7.4 கிலோவாட் வால் பாக்ஸ் என்றால் பேச்சே இல்லை, த்ரீ பேஸ்தான்.

த்ரீ பேஸுக்கு மாற மின்வாரிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கூடும் லோடுக்கு ஏற்ப கட்டணமும் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி பிரிவு அலுவலகத்திலோ மின்னகம் எண் 94987 94987லோ கேட்கலாம். லோடு ஏற்றாமல் "யார் பார்க்கப் போறா" என்று ஓட்டுபவர்களும் உண்டு. மாட்டினால் அபராதம் என்பது ஒரு பக்கம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரும் மீட்டரும் பழைய லோடுக்காகப் போடப்பட்டவை என்பது அதைவிட முக்கியம்.

செலவைக் கட்டுப்படுத்த இங்கே ஒரு வழி இருக்கிறது. பல கார்களிலும் போர்ட்டபிள் சார்ஜர்களிலும் கரண்ட் அளவைக் குறைக்கும் வசதி உண்டு. 10 ஆம்பியரில் வைத்தால் 2.3 கிலோவாட்தான் இழுக்கும். 8 மணி நேரத்தில் 18 யூனிட், 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். ஏசி இல்லாத, லோடு குறைவான வீட்டில் இப்படியே சமாளிக்கலாம். சாக்கெட்டும் ஒயரும் குளிர்ச்சியாக இருக்கும்.

ஏற்கெனவே த்ரீ பேஸ் வைத்திருப்பவர்கள் காரை எந்த பேஸில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பெட்ரூம் ஏசிகள் ஒரு பேஸில் என்றால் கார் வேறொன்றில் போகட்டும். நம்ம ஊரில் பேஸ் மாற்றும் சுவிட்ச் இல்லாத வீடு குறைவு. ராத்திரி ஒரு பேஸ் போனால், தூக்கக் கலக்கத்தில் எழுந்து எல்லாவற்றையும் இருக்கிற பேஸுக்குத் திருப்பிவிட்டுப் படுத்துக்கொள்வோம். இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், கார் எல்லாம் ஒரே பேஸில். மெயின் ஃப்யூஸ் போவது அதில் நல்ல முடிவு. கார் லைனை அந்த சுவிட்ச்சுக்குக் கொடுக்காமல் ஒரு பேஸில் நிரந்தரமாக விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த பேஸ் போனால் அன்றைக்குக் கார் சார்ஜ் ஆகாது, அவ்வளவுதான்.

கரண்ட் பில் எவ்வளவு எகிறும்?

வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம், அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 160 யூனிட். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 320 யூனிட் கூடும். இதுவரை 400 யூனிட் ஓடிய வீடு 720க்குப் போகும். 2024 ஜூலையில் அமலான கட்டண விகிதப்படி, 400 யூனிட்டுக்கு 1,200 ரூபாய்க்குள் கட்டியவர் 4,000 ரூபாயை ஒட்டிக் கட்ட வேண்டியிருக்கும்.

யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பில் மட்டும் ஏன் மூன்று மடங்குக்கு மேல்? 500 யூனிட்டைத் தாண்டியதும் இரண்டு அடி விழுகிறது. மேலே கூடும் யூனிட்டுகள் 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும், 1,000ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கும் மேல். அதோடு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும்.

இருந்தாலும் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 2,000 கிலோமீட்டருக்குக் கூடுதலாகக் கட்டுவது சுமார் 2,800 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்கும் கீழே. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், அதே தூரத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும்.

"ராத்திரியில சார்ஜ் போட்டா கரண்ட் கம்மி" என்று சொல்வதை வைத்து வீட்டு பில்லில் கணக்குப் போடாதீர்கள். சாதாரண மீட்டர் நேரம் பார்க்காது, மொத்த யூனிட்டைத்தான் பார்க்கும். காருக்கென்று இன்னொரு வீட்டு இணைப்பு வாங்கி 100 இலவச யூனிட்டை இரட்டிப்பாக்கலாம் என்ற ஐடியாவும் சுற்றுகிறது. ஒரே குடும்பம் இருக்கும் ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு இருந்தால் ஒன்றாக இணைக்கச் சொல்லிவிடுவார்கள்.

மின் வாகனத்துக்கென்றே தனி இணைப்பு கேட்பது வேறு விஷயம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி அதற்கு வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த இணைப்பு வேறு கட்டணப் பிரிவில் வரும், இலவச யூனிட்டை எதிர்பார்க்க முடியாது. நிலைக்கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டு, கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள். வீட்டில் ஏற்கெனவே 1,000 யூனிட்டை நெருங்குபவர்களுக்கு வேண்டுமானால் இது பலன் தரலாம்.

மொட்டை மாடி காலியாக இருந்தால் சோலார் இன்னொரு வழி. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட் தகடுகள் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் அளவுக்குத் தரும். தாம்பரம் டு கிண்டி காருக்கு வேண்டியது அதில் பாதிதான்.

அபார்ட்மென்ட், வாடகை வீடு?

அபார்ட்மென்ட்டில் மின்சாரத்தைவிட அசோசியேஷன்தான் பெரிய வேலை. பொது மீட்டரிலிருந்து ஒருவர் காருக்கு கரண்ட் எடுத்தால் அடுத்த மீட்டிங்கில் சண்டை நிச்சயம். செலவு குறைவான, சண்டை வராத வழி: மீட்டர் ரூமில் இருக்கும் உங்கள் சொந்த மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் இடத்துக்குத் தனி லைன். யூனிட் உங்கள் பில்லிலேயே ஏறும், யாரும் யாரிடமும் கணக்குக் கேட்க வேண்டாம். ஒயர் எந்தச் சுவர் வழியாகப் போகும், எந்த ஒயர், என்ன பாதுகாப்பு, வேலை செய்யப்போவது யார் என்று ஒரே பக்கத்தில் எழுதி, வரைபடத்தோடு கடிதம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கிடைக்கும் "பார்க்கலாம்" என்ற பதில், எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் "சரி" ஆகிவிடுகிறது.

ஒரே பிளாக்கில் நான்கைந்து பேர் கார் வாங்கப் போகிறார்கள் என்றால் ஒன்றாகச் சேருங்கள். கேபிள் ட்ரே ஒரே முறை போட்டால் போதும், அதன் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைத்து வால் பாக்ஸ் மாட்டுவது பணத்தை ஓனருக்குக் கொடுத்துவிட்டு வருவது மாதிரி. சுவருக்கு வெளியே பைப் போட்டு, 15 ஆம்பியர் பாயின்ட்டும் காரோடு வந்த போர்ட்டபிள் கேபிளும் போதும். காலி பண்ணும்போது ஒயரைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஓனரின் சம்மதம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது இதையெல்லாம் கேளுங்க

கார் நிறுவனம் "இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ" என்றால், எத்தனை மீட்டர் கேபிள் வரை ஃப்ரீ என்று கேளுங்கள். அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு? எர்த் வேலை அதில் சேருமா? ஆர்.சி.சி.பி. சேருமா? இந்த நான்கு கேள்வியில் 'ஃப்ரீ' எவ்வளவு என்று தெரிந்துவிடும். மீட்டர் வீட்டின் பின்பக்கமும் கார் முன்பக்கமும் என்றால், பெட்டியின் விலையைவிடக் கேபிள் விலை கூடிப்போகவும் வாய்ப்பு இருக்கிறது. பார்க்கிங்கில் கார் நிற்கும் பக்கத்தை மாற்றினாலே சில மீட்டர் மிச்சமாகும். சார்ஜ் ஏற்றும் துளை காரின் முன்பக்கமா, பின்பக்கமா என்பதையும் பார்த்துவிட்டு பாயின்ட் இடத்தைக் குறியுங்கள்.

நிறுவனம் சொல்லும் தொகையோடு, உரிமம் பெற்ற உள்ளூர் மின் ஒப்பந்ததாரர் இரண்டு பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். பொருளுக்குத் தனி, கூலிக்குத் தனி என்று எழுதி வாங்கினால்தான் ஒப்பிட முடியும். கார் சார்ஜருக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். ஒயர் போன்றவற்றுக்கு 18 சதவீதம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் 18 போட்டிருந்தால் பில்லைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

"வீட்டு சார்ஜருக்கு அரசு 6,000 ரூபாய் தருது" என்ற பார்வேர்டு மெசேஜ் வந்தால் ஏமாற வேண்டாம். அது டெல்லி அரசு தன் 2020 மின் வாகனக் கொள்கையில் முதல் 30,000 சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு அறிவித்தது, டெல்லிக்கு மட்டும்.

வேலை முடிந்த அன்றே எலெக்ட்ரீஷியனுக்கு முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவர் இருக்கும்போதே காரை சார்ஜில் போட்டு, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே லைன் துண்டிக்கப்பட வேண்டும். பிறகு மறுபடி ஆன் செய்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சார்ஜை நிறுத்திவிட்டு பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியையும் சாக்கெட்டின் முகப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் எங்கேயோ திருகு தளர்வாக இருக்கிறது. அவர் கிளம்புவதற்குள் கழற்றி இறுக்கச் சொல்லுங்கள். இதே சோதனையை ஒரு மாதம் கழித்தும், மழைக்காலம் தொடங்கும் முன்பும் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.